இரண்டாம் விதி தெரிகிறது. கணக்கை எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை

கோபி மாணவன் | இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். கோவையில் பொறியியல் முதலாமாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். மொத்த விசை = நிறை × முடுக்கம் என்ற நியூட்டனின் இரண்டாம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் நுண்கணிதத்தோடு சேர்ந்த இயற்பியல் தாள் தொடங்கியதிலிருந்து ஒரு கணக்கைக்கூடச் சொந்தமாகத் தொடங்க முடியவில்லை. தீர்வைப் படித்தால் ஒவ்வொரு வரியும் புரிகிறது. புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளை எடுத்தால் கை ஓடவில்லை.

நேற்று மாட்டிக்கொண்ட கணக்கு இது. எடையும் உராய்வும் இல்லாத கப்பி. அதில் போட்ட கயிற்றின் ஒரு முனையில் 5 கிலோகிராம், மறுமுனையில் 3 கிலோகிராம். கையை விட்டால் முடுக்கம் என்ன, கயிற்றின் இழுவிசை என்ன? 5 கிலோ பக்கம் பார்த்து, எடை = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று 49 நியூட்டன் எழுதினேன். 3 கிலோ பக்கம் பார்த்தால் 29.4 நியூட்டன் வருகிறது. கயிறு ஒன்று, விடை இரண்டு. எது சரி என்று அரை மணி நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் அறுபது பேர் முன்னால் எழுந்து கேட்கக் கூச்சமாக இருக்கிறது. யாராவது வழி சொன்னால் நன்றியோடு இருப்பேன்.

பெருந்துறை ஆசிரியர் | இரவு 10.15

தம்பி, இரண்டும் தவறு. ஆனால் ஒரே கயிற்றுக்கு இரண்டு இழுவிசை வரக்கூடாதே என்று உனக்கு உறுத்தியது பார், அந்த உறுத்தலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். பல பேருக்கு அது உறுத்துவதே இல்லை.

இழுவிசை எடைக்குச் சமம் என்று எழுதும்போது நீ என்ன சொல்லிவிடுகிறாய்? அந்தப் பொருளின் மேல் மொத்த விசை சுழி என்கிறாய். மொத்த விசை சுழி என்றால் முடுக்கமும் சுழி. ஆனால் கையை விட்டதும் 5 கிலோ இறங்கும், 3 கிலோ ஏறும் என்று உனக்கே தெரியும். அப்படியானால் இரண்டு பக்கமும் இழுவிசை எடைக்குச் சமமாக இருக்க முடியாது. 5 கிலோ கீழ்நோக்கி முடுக வேண்டுமானால் கயிறு 49-ஐவிடக் குறைவாக இழுக்க வேண்டும். 3 கிலோ மேல்நோக்கி முடுக வேண்டுமானால் அதே கயிறு 29.4-ஐவிட அதிகமாக இழுக்க வேண்டும். பேனாவைத் தொடுவதற்கு முன்பே விடை 29.4-க்கும் 49-க்கும் நடுவில் என்று தெரிந்துவிட்டது.

இனிச் சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடு. 3 கிலோவை மட்டும் எடுத்துக்கொள். அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போடு. வட்டத்துக்குள் இருக்கும் பொருளை வெளியிலிருந்து தொடுவது யார்? கயிறு மட்டும். தொடாமல் இழுப்பது யார்? பூமி. இந்தப் பாடத்தில் தொடாமல் இழுப்பது பூமி ஒன்றுதான். எனவே இரண்டே அம்புகள். ஒவ்வொரு அம்பின் பக்கத்திலும் யாரால், யார்மேல் என்று எழுத வேண்டும். 'யாரால்' என்ற இடத்தில் எழுத ஆள் இல்லையென்றால் அந்த அம்பை அழித்துவிடு. அப்படி ஒரு விசை கிடையாது.

முடுக்கத்தை ஏறும் திசையில் நேர்க்குறியாக வைத்தால், 3 கிலோவுக்கு: இழுவிசை − 29.4 = 3 × முடுக்கம். 5 கிலோவுக்கு இறங்கும் திசை நேர்க்குறி: 49 − இழுவிசை = 5 × முடுக்கம். கூட்டினால் 19.6 = 8 × முடுக்கம். முடுக்கம் நொடிக்கு நொடி 2.45 மீட்டர். இழுவிசை 36.75 நியூட்டன். முன்பே சொன்ன இரண்டு எண்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

நிறை × முடுக்கம் என்பதை எந்தக் காரணம் கொண்டும் படத்தில் அம்பாக வரைந்துவிடாதே. என்னிடம் படித்த பிள்ளைகள் அதிகம் சறுக்கிய இடம் அதுதான். அம்புகளெல்லாம் சமக்குறியின் இடப்பக்கம். அவை எல்லாம் சேர்ந்து பொருளை என்ன செய்தன என்பது வலப்பக்கம்.

ஈரோடு பயிற்சியாளர் | இரவு 10.50

ஐயா சொல்வது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். கப்பிக் கணக்கு என்றால் நிறைகளின் வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்து 9.8-ஆல் பெருக்கினால் முடுக்கம் வந்துவிடும். பத்து நொடி வேலை. வட்டம் போட்டு அம்பு வரைந்துகொண்டிருந்தால் தாள் முடியாது. கோபி தம்பி இந்தச் சுருக்கு வழிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

பெருந்துறை ஆசிரியர் | இரவு 11.05

நண்பரே, உங்கள் மாணவர்களுக்கு இருக்கும் நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் இதே கணக்கில் கப்பிக்கு 2 கிலோ நிறை கொடுத்துவிட்டால் அந்தச் சுருக்கு வழி என்ன செய்யும்? கப்பி சீரான திண்ம வட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முடுக்கம் 2.18 ஆகக் குறைகிறது. இழுவிசையும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது: 3 கிலோ பக்கம் ஏறத்தாழ 35.9, 5 கிலோ பக்கம் 38.1. அந்த வேறுபாடுதான் கப்பியைச் சுழற்றுகிறது. சுருக்கு வழியை மட்டும் மனப்பாடம் செய்தவன் இங்கே நின்றுவிடுவான். அம்பு வரைந்து பழகியவன் கப்பியைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே போவான். தம்பி இப்போது பொறியியல் படிக்கிறான்; அவன் சந்திக்கப்போகும் கப்பிகள் எல்லாவற்றுக்கும் நிறை உண்டு.

காங்கேயம் விவசாயி | காலை 5.30

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மகளுக்காக இங்கே வந்து படிப்பேன். கப்பி, கயிறு என்றதும் எழுதத் தோன்றியது.

சின்ன வயதில் எங்கள் தோட்டத்தில் கவலை இறைத்தோம், அதாவது மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது. மாடுகள் வாரி என்னும் சரிவுப் பாதையில் இறங்கும்போது வடக்கயிறு இழுபட்டு, தண்ணீர் அள்ளும் பெரிய வாளியான சால் மேலே வரும். வாரியை ஏன் சரிவாக வெட்டினார்கள் என்றால், மாடு இறங்கும்போது அதன் உடம்பின் பாரமும் இழுப்புக்கு உதவும். மாடு முதல் அடி எடுத்து வைக்கும்போது வடம் 'விண்'ணென்று விறைக்கும். அப்போதுதான் நைந்த வடம் அறுபடும். பாதி வாரி போய்ச் சீராக நடக்கத் தொடங்கிவிட்டால் அந்த விறைப்பு இருக்காது. சால் அதே சால்தான், தண்ணீரும் அதே தண்ணீர்தான். அப்பா எப்போதும் 'எடுத்தவுடன் விரட்டாதே' என்று சொல்வார். ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்த பிறகு அதன் காரணம் இதுதானா என்று கேட்கத் தோன்றுகிறது.

பெருந்துறை ஆசிரியர் | காலை 7.10

அதேதான் ஐயா. சால் வாளியைத் தொடுவது வடம், இழுப்பது பூமி. சீராக ஏறும்போது முடுக்கம் இல்லை. வடத்தின் இழுவிசை எடைக்குச் சமம். நின்ற சால் கிளம்பும்போது மேல்நோக்கி முடுக்கம் உண்டு. அந்த நேரத்தில் இழுவிசை எடையைவிடக் கூடுதல். நிறை 100 கிலோ என்றும், கிளம்பும்போது முடுக்கம் 2 என்றும் வைத்துக்கொண்டால் 980-க்குப் பதில் 1180 நியூட்டன். மாட்டை விரட்டினால் முடுக்கம் கூடும், வடத்தின் மேல் பாரமும் கூடும். உங்கள் அப்பா சொன்னதை மாணவர்களிடம் சொல்ல அனுமதி வேண்டும்.

கோபி மாணவன் | மாலை 6.20

இன்று காலை இதைப் படித்ததும் வீட்டில் இருந்த கொக்கித் தராசை எடுத்தேன், முள் நகரும் பழைய வகை. ஒரு பையில் தேங்காய்களைப் போட்டு 6 கிலோவில் முள் நிற்கும்படி செய்தேன். தங்கை கைப்பேசியில் முகப்பைப் படம் பிடித்தாள். மெதுவாகத் தூக்கும்போது முள் 6-லேயே நின்றது. சட்டென்று தூக்கினேன். ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தால், தொடக்கத்தில் முள் 7.2 வரை போயிருக்கிறது. அடுத்த கணம் கையை நிறுத்தும்போது 5-க்கும் கீழே இறங்கியிருக்கிறது. பை அப்போதும் மேலேதான் போய்க்கொண்டிருந்தது!

மேலே போகும் பொருளின் மேல் மேல்நோக்கிய விசை அதிகமாக இருக்கத்தான் வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். முள் ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் விசை போகும் திசையோடு கட்டுண்டது அல்ல, முடுக்கத்தின் திசையோடு கட்டுண்டது என்று உறைத்தது. 7.2 என்றால் கூடுதல் 1.2 கிலோவுக்கான விசை, 11.76 நியூட்டன். அதை 6-ஆல் வகுத்தால் முடுக்கம் 1.96. சரியா ஐயா?

பெருந்துறை ஆசிரியர் | மாலை 6.45

சரி கண்ணு. முள் அந்த நேரத்தில் கொஞ்சம் ஊசலாடியும் இருக்கும் என்பதால் எண்ணைத் துல்லியமாக எடுத்துக்கொள்ளாதே. ஆனால் முறை சரி.

ஆழியாறு பயணி | இரவு 8.00

தினமும் இல்லாவிட்டாலும் மாதம் நான்கு முறை ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் பேருந்தில் போகிறவள். 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறேன். ஆசிரியர் ஐயாவின் முறைப்படி, அந்தத் தள்ளலுக்கு 'யாரால்' என்ற இடத்தில் என்ன எழுதுவது? மையவிலக்கு விசை என்று படித்திருக்கிறேன். மையநோக்கு விசை என்றும் படித்திருக்கிறேன். இரண்டையும் வரையவா?

பீளமேடு ஆய்வாளர் | இரவு 8.40

அக்கா, இரண்டையும் வரைய வேண்டாம். சாலையோரம் நின்று பார்க்கிறவரின் கணக்கில் உங்களைத் தொடுவது யார் யார்? இருக்கை; சில வேளை பேருந்தின் பக்கச்சுவர், கைப்பிடிக் கம்பி, பக்கத்தில் இருப்பவரின் தோள். வெளிப்பக்கம் இழுக்க ஆள் இல்லை. எனவே அந்த அம்பை அழிக்கலாம். உங்கள் உடல் நேராகப் போகப் பார்க்கிறது. பேருந்து உள்பக்கம் திரும்புகிறது. இருக்கையின் உராய்வு உங்களை உள்நோக்கி இழுக்கிறது. அந்த உராய்வு செய்யும் வேலைக்குப் பெயர்தான் மையநோக்கு விசை. பட்டியலில் சேர்க்க அது தனியான ஒரு விசை அல்ல.

சமதளமான வளைவு, ஆரம் 15 மீட்டர், வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முடுக்கம் 25-ஐ 15-ஆல் வகுத்தால் 1.67. உங்கள் நிறை 60 கிலோ என்றால் தேவையான விசை 100 நியூட்டன். இருக்கைக்கும் உடைக்கும் இடையே உராய்வுக் கெழு 0.4 என்றால் உராய்வு 235 நியூட்டன் வரை போக முடியும். ஆனால் அது 235 ஆக இருக்காது, 100-தான் இருக்கும். நிலை உராய்வு தேவைப்படும் அளவு மட்டுமே வரும். கெழுவையும், இருக்கை உங்களைத் தாங்கும் செங்குத்து விசையையும் பெருக்கினால் கிடைப்பது அதன் உச்சவரம்பு. உராய்வு என்று கண்டதும் பெருக்கி எழுதிவிடும் பழக்கத்தால் என் முதல் பருவத் தேர்வில் ஒரு முழு வினாவை இழந்தேன், இன்றும் மறக்கவில்லை.

தாராபுரம் மாணவி | இரவு 9.15

நானும் முதலாமாண்டுதான். ஒரு சந்தேகம். எங்கள் பேராசிரியர், இரண்டாம் விதிப்படி விசை என்பது உண்மையில் உந்தத்தின் கால வகைக்கெழு, அதாவது நேரத்தோடு உந்தம் மாறும் வீதம் என்றார். உந்தம் என்பது நிறையும் திசைவேகமும் பெருக்கியது. நிறையே மாறினால் பெருக்கல் விதிப்படி இரண்டு உறுப்புகள் வரும்: நிறை × முடுக்கம், அதோடு திசைவேகம் × நிறை மாறும் வீதம். காங்கேயம் ஐயா சொன்ன சால் ஒழுகினால் இரண்டாவது உறுப்பையும் சேர்க்க வேண்டாமா? சேர்த்துத்தான் பார்த்தேன். நொடிக்கு 0.6 மீட்டர் சீராக ஏறும் சால், நொடிக்கு அரை கிலோ ஒழுகினால் இழுவிசை எடையைவிட 0.3 நியூட்டன் குறைவு என்று வருகிறது.

பீளமேடு ஆய்வாளர் | இரவு 10.30

தங்கச்சி, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறாய். இதில் நானும் ஒரு காலத்தில் ஏமாந்தேன், பொறுமையாக எழுதுகிறேன்.

சால் கணக்கை விட்டுவிட்டு ஒரு தண்ணீர் லாரியை எடுத்துக்கொள்வோம். உராய்வே இல்லாத சமதளச் சாலையில் சீராகப் போகிறது. லாரியின் அடியில் உள்ள குழாய் திறந்து தண்ணீர் நேராகக் கீழே ஒழுகுகிறது. உன் சூத்திரப்படி அது அதே வேகத்தில் போக ஒரு விசை தேவை, ஏனென்றால் இரண்டாவது உறுப்பு சுழி அல்ல. இப்போது லாரிக்குப் பக்கத்திலேயே அதே வேகத்தில் போகும் ஒருவர் கணக்கிடட்டும். அவருக்கு லாரியின் திசைவேகம் சுழி. இரண்டாவது உறுப்பும் சுழி. விசை தேவையில்லை என்பார். லாரியை ஒருவர் தள்ளுகிறாரா இல்லையா என்பதில் இரண்டு பேருக்கும் இரண்டு பதில் வருமா? வராது. எனவே சூத்திரத்தைப் பொருத்திய விதத்தில்தான் பிழை.

பிழை எங்கே? இரண்டாம் விதி குறிப்பிட்ட, மாறாத ஒரு பொருள்தொகுதிக்கானது. 'லாரிக்குள் இப்போது மிச்சம் இருக்கும் தண்ணீர்' என்பது நொடிக்கு நொடி வேறு தொகுதி. வெளியேறிய தண்ணீர் தன் உந்தத்தையும் எடுத்துக்கொண்டே போனது. அதை விசை எதுவும் பறிக்கவில்லை. ஒழுகும் தண்ணீர் பாத்திரத்தின் அதே திசைவேகத்தோடு விலகினால் கூடுதல் உறுப்பு கிடையாது. அந்தந்தக் கணத்தில் மிச்சமிருக்கும் நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் போதும். சீராக ஏறும் ஒழுகும் சாலுக்கு இழுவிசை அந்தக் கணத்து எடைக்கு அப்படியே சமம். 0.3 சிறிய எண் என்பதால் யாரும் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்; ஆனால் கருத்துப் பிழை பெரியது.

எதிர்த் திசையில் பார். ஓடும் பட்டையின் (கன்வேயர் பெல்ட்) மேல் மேலிருந்து நெல் விழுகிறது, நொடிக்கு 20 கிலோ. பட்டையின் வேகம் நொடிக்கு 1.5 மீட்டர். கிடைத்திசையில் அசையாமல் வந்த நெல்லுக்குப் பட்டைதான் வேகம் கொடுக்க வேண்டும். எனவே 30 நியூட்டன் உண்மையிலேயே தேவை. வருகிற அல்லது போகிற பொருள் நம் பொருளைச் சார்ந்து என்ன வேகத்தில் இருக்கிறது என்பதே கேள்வி.

நியூட்டன் 1687-ல் வெளியிட்ட நூலில் இன்று நாம் எழுதும் சமன்பாடு இல்லை. இயக்கத்தின் மாற்றம் செலுத்தப்பட்ட விசைக்கு விகிதப்பொருத்தம், அதே திசையில் என்று சொற்களால் எழுதினார். மூன்று அச்சுகளுக்கும் தனித்தனி வகைக்கெழுச் சமன்பாடுகளாக அதைப் பொது விதியாக்கியவர் கணித அறிஞர் ஆய்லர், 1750-ல் பெர்லின் அறிவியல் கழகத்தில். அந்த இரு ஆண்டுகளுக்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல். எனவே உங்களுக்கு ஒரு பருவம் பிடித்தால் வருந்த வேண்டாம்.

கோபி மாணவன் | மறுநாள் காலை 6.50

இதில் நுண்கணிதம் எங்கே வருகிறது என்று இன்னும் பிடிபடவில்லை. இதுவரை நாம் போட்டது எல்லாம் கூட்டல், வகுத்தல்தானே?

பெருந்துறை ஆசிரியர் | காலை 8.00

ஏனென்றால் இதுவரை விசைகள் எல்லாம் மாறாதவை. ஒரு உயரமான கண்ணாடிக் குவளையில் விளக்கெண்ணெய் ஊற்று. மிதிவண்டியின் உருள்தாங்கியிலிருந்து (பேரிங்) ஒரு சின்ன எஃகுக் குண்டை எடுத்து எண்ணெய் மட்டத்தில் வைத்து விடு. குண்டைத் தொடுவது எண்ணெய் மட்டும். ஆனால் எண்ணெய் இரண்டு வேலை செய்கிறது: மிதப்பு விசை, இழுத்துப் பிடிக்கும் தடை. தடை குண்டின் திசைவேகத்தைப் பொறுத்தது. எனவே: நிறை × திசைவேகத்தின் கால வகைக்கெழு = எடை − மிதப்பு விசை − மாறிலி × திசைவேகம்.

தெரியாதது இரண்டு பக்கமும் இருக்கிறது பார். நாம் தேடுவது ஒரு எண் அல்ல. நேரத்தோடு மாறும் ஒரு சார்பு. மாறிகளைப் பிரித்துத் தொகையிட்டால், திசைவேகம் தொடக்கத்தில் வேகமாக ஏறி, பின் ஒரு வரம்பை மெல்ல அணுகும் அடுக்குக்குறி வளைவு கிடைக்கும். ஆனால் தீர்ப்பதற்கு முன்பே இரண்டு கேள்வி கேள். தொடக்கத்தில் திசைவேகம் சுழி. அப்போது முடுக்கம் என்ன? முடுக்கம் சுழியாகும்போது திசைவேகம் என்ன? இந்த இரண்டு முனைகளும் தெரிந்தால் வளைவைக் கையாலேயே வரைந்துவிடலாம்.

உன் கண்ணுக்கு அந்த ஏற்றம் தெரியாது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் குண்டு என்றால் ஒரு நொடியில் மிகச் சிறிய பகுதிக்குள் முற்றுத் திசைவேகத்தை எட்டிவிடும். நொடிக்குச் சில சென்டிமீட்டர் என்று சீராக இறங்குவதைத்தான் பார்ப்பாய். அசைகிறது, ஆனால் மொத்த விசை சுழி. அதை நின்று நிதானமாகப் பார்.

கோபி மாணவன் | இரவு 10.10

பார்த்தேன் ஐயா. குண்டு அடியில் போய்ச் சேரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

இப்போது நானே ஒரு கணக்கு அமைத்திருக்கிறேன், திருத்துங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயில். மிகச் செங்குத்தான இடத்தில் சரிவு 12-க்கு 1. எஞ்சின் பின்னால் இருந்து தள்ளுகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கும் பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன்; அதைத் தொடும் பெட்டி ஒன்றுதான் என்பதால். கணக்குக்காக நிறை 1000 கிலோ என்று வைத்துக்கொண்டேன், உராய்வை விட்டுவிட்டேன். தொடுவது: பின்பெட்டி, தண்டவாளம். இழுப்பது: பூமி. அச்சைச் சரிவு வழியே சாய்த்தேன். எடையின் சரிவுக் கூறு ஏறத்தாழ 814 நியூட்டன். சீராக ஏறினால் பின்பெட்டி 814 நியூட்டனால் தள்ள வேண்டும். 0.1 முடுக்கத்தோடு ஏறினால் 914.

செங்குத்து விசையை முதலில் 9800 என்று எழுதிவிட்டேன். பிறகு சரிவுக்குச் செங்குத்தான திசையில் கூறு பிரித்துப் பார்த்தால் 9766.

பெருந்துறை ஆசிரியர் | இரவு 10.25

எல்லாம் சரி. 9800-க்கும் 9766-க்கும் வேறுபாடு குறைவு என்று விடாமல் திருத்தினாயே, மனம் நிறைந்தது. நாளைக்கு இரண்டாவது பெட்டியை எடுத்துக்கொள். அதைத் தொடுவது எத்தனை பேர் என்று முதலில் எண்ணிவிட்டு எழுது.